செஞ்சி மலையில் ஏறும் முன் கொஞ்சம் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் போடுகிறவர்கள் கவனத்துக்கு: கடைசியில் கேள்விகள் உண்டு!

போன வாரம் நம் பழைய மாணவன் ஒருவன் இத்தாலியிலிருந்து சில படங்கள் அனுப்பியிருந்தான். இப்போது ஜெர்மனியில் வேலை. தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், செங்குத்தான பாறையில் பதித்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "டீச்சர், இது முதல் உலகப் போரில் சிப்பாய்கள் போட்ட பாதையாம். நம்ம ஊர்ல இப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருந்தான். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது.

முதலில் அவன் நின்ற இடத்தைப் பற்றி. அது டோலமைட் மலைத்தொடர். 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி ஆஸ்திரியா-ஹங்கேரி. இரு நாட்டுக்கும் எல்லை இந்த மலைகள்தான். 1917 இறுதி வரை சிப்பாய்கள் பனியிலும் பாறையிலும் கிடந்து சண்டை போட்டார்கள். மேலே போக இரும்பு ஏணி, இரும்பு முளை, கயிறு. பாறைக்குள்ளே சுரங்கம் குடைந்து, எதிரியின் காலுக்கடியில் வெடி வைத்தார்கள். 1916 டிசம்பரில் மார்மொலாடா மலையில் ஒரே பனிச்சரிவில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் புதைந்து போனார்கள். போர் முடிந்தது, பாதைகள் மிஞ்சின. இன்று அவற்றைச் சரிசெய்து, புதுக் கம்பி கட்டி, உல்லாசப் பயணிகளை ஏற விடுகிறார்கள். இத்தாலிய மொழியில் 'வியா ஃபெராட்டா' என்றால் இரும்புப் பாதை என்று பொருள்.

இனி நம் ஊர் பதில். பூந்தமல்லியிலிருந்து காரில் கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம், செஞ்சி. அங்கே இரும்பு ஏணி கிடையாது. பாறையில் வெட்டிய படி, படிக்கு நடுவே வாசல், வாசலுக்கு மேல் இன்னொரு வாசல், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பிளவு, பிளவின் மேல் ஒரு பாலம். இதெல்லாம் போருக்காகச் செய்ததுதான். டோலமைட்டில் சிப்பாய் மேலே போகப் பாதை போட்டார்கள். செஞ்சியில் நம் ஆள் மேலே போகவும் வேண்டும், எதிரி போகவும் கூடாது என்று யோசித்துப் போட்டார்கள். இரண்டாவது கொஞ்சம் கஷ்டமான கணக்கு.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் பலமுறை போயிருப்பீர்கள். செஞ்சி ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டி வைத்தது போல மலைகள் தெரியும். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன்துர்க்கம். மூன்றும் மூன்று தனிக் கோட்டை. மூன்றையும் முக்கோணமாக இணைத்து ஒரு மதில். மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். சில இடங்களில் மதிலின் கனம் 60 அடி, வெளியே அகழி 80 அடி. நாம் போகும் நெடுஞ்சாலையே இந்தக் கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. ஜன்னல் ஓரத்தில் தூங்கிவிட்டால் ஒரு பெரிய போர்க்களத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவோம்.

யார் கட்டினார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் இப்போது நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சண்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், 12-வது நம் செஞ்சி. உடனே ஒரு பக்கம் "சிவாஜி கோட்டை" என்று பெருமை, இன்னொரு பக்கம் "நம் கோனார் கட்டியதை எப்படி மராத்தியர் பேரில் எழுதலாம்" என்று கோபம். தேசிங்கு ராஜா கட்சிக்காரர்கள் தனி. வரிசையாகச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுமார் 1200-ஆம் ஆண்டுவாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் முதலில் இந்த மலையில் அரண் அமைத்தார் என்பது மரபு. அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் கிருஷ்ணகிரி. பிறகு விஜயநகரப் பேரரசு. அதன் கீழ் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செஞ்சி நாயக்கர்கள். நாம் இன்று பார்க்கும் கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், கோயில்கள் பெரும்பாலும் அவர்கள் காலத்தவை. 1597-ல் இங்கே வந்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், ஊரின் அளவைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். 1649 வாக்கில் பிஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சத்ரபதி சிவாஜி தெற்கே வந்து பிஜப்பூரிடமிருந்து எடுத்தார். மதில்களைப் பலப்படுத்தினார். 1698-ல் முகலாயர். 1750-ல் பிரெஞ்சுக்காரர். 1761-ல் ஆங்கிலேயர். 1780-ல் ஹைதர் அலியின் படை. அந்தப் போர் முடிந்ததும் மறுபடி ஆங்கிலேயர். அதோடு கோட்டையின் இராணுவ வாழ்க்கை முடிந்தது. 1921-ல் தேசிய நினைவுச்சின்னம்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். மராத்தியர் கையில் இருந்தது 21 வருடம். நாயக்கர் காலம் அதைப்போல ஆறு மடங்கு. அப்படியானால் யுனெஸ்கோ தப்பா? இல்லை. அவர்கள் கொடுத்தது கட்டியவருக்கான பட்டா அல்ல. ஒரு சின்ன அரசு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பேரரசை மலைக்கோட்டைகளை வைத்து எப்படிச் சமாளித்தது என்ற ஏற்பாட்டுக்கான அங்கீகாரம். அந்த ஏற்பாட்டில் செஞ்சியின் பங்கு என்ன என்று தெரிந்தால், அந்த 21 வருடத்தின் கனம் புரியும். அதே சமயம் அந்தப் பலகையை மட்டும் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு மீதி நூற்றாண்டுகளைச் சொல்ல வேண்டியது நம் வேலை.

இப்போது முக்கியமான கதை. 1686-ல் பிஜப்பூரும் 1687-ல் கோல்கொண்டாவும் ஔரங்கசீப் கையில் விழுந்தன. 1689-ல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி கொல்லப்பட்டார். இளையவர் ராஜாராம் தப்பித்து, யாத்திரிகர் வேடத்தில் தெற்கே ஓடி வந்தார். வழியில் கெளதி அரசி சென்னம்மா, ஔரங்கசீப்பின் கோபத்துக்குப் பயப்படாமல் வழிவிட்டு உதவினார். வேலூர் வழியாக 1689 நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து சுமார் எட்டு வருடம் மராத்திய அரசின் தலைநகரம் நம் செஞ்சி! பாடப்புத்தகத்தில் இது ஒரு வரிதான் வரும். நானும் வகுப்பில் ஒரு வரிதான் சொல்ல நேரம் இருந்தது. இப்போது நேரம் இருக்கிறது.

1690 செப்டம்பரில் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். முடிந்தது 1698 தொடக்கத்தில். ஏழு வருடத்துக்கும் மேல். ஏன் இவ்வளவு காலம்? மேலே ஏறிப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஒன்று, அளவு. 13 கிலோமீட்டர் மதிலைச் சுற்றி ஆள் நிறுத்த அவரிடம் படை போதவில்லை. ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு பக்கம் திறந்து கிடக்கும். இரண்டு, தண்ணீரும் தானியமும். மலை மேலேயே ஊற்று, சுனை, களஞ்சியம். உள்ளே இருப்பவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வெளியே இருப்பவன்தான் கிடந்தான். மூன்று, சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகளின் குதிரைப்படை. இவர்கள் கோட்டைக்குள் உட்காராமல் வெளியே சுற்றி, முகலாயப் படைக்கு வரும் தானிய வண்டிகளை மறித்தார்கள். 1692 கடைசியில் நிலைமை தலைகீழாகி, முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள்.

நான்காவது காரணம் மனிதர்களுடையது. ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷும் படையோடு இருந்தார். கிழவர் இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி வர, இளவரசர் ரகசியமாக ராஜாராமோடு பேச்சு நடத்த, சுல்பிகர் கானும் அவர் தந்தை அசத் கானும் இளவரசரையே பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். பிறகு பாளையத்தைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். சுல்பிகர் கான் மேலேயே சந்தேகம் உண்டு. முற்றுகையில் நேரில் இருந்த பீம்சேன் என்ற எழுத்தர், தளபதி மனது வைத்திருந்தால் கோட்டையை முன்பே பிடித்திருக்கலாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். போர் நீடித்தால் படையும் பணமும் பதவியும் நீடிக்குமல்லவா? இந்தக் கணக்கு எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

கடைசியில் ஔரங்கசீப்பின் நெருக்கடி தாங்காமல் உண்மையாகவே தாக்கினார்கள், கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார். அவர் குடும்பத்தார் பலர் பிடிபட்டார்கள். கோட்டை கிடைத்தது, ஆனால் தேடி வந்த ஆள் கிடைக்கவில்லை. இந்த ஏழு வருடத்தில் மகாராஷ்டிரத்தில் மராத்தியர் மறுபடி எழுந்துவிட்டார்கள். ஔரங்கசீப் வடக்கே திரும்பாமலே 1707-ல் தக்காணத்தில் இறந்தார். ஒரு பேரரசின் முதுகு முறிந்ததில் நம் விழுப்புரம் மாவட்டத்துப் பாறைகளுக்கும் பங்கு உண்டு.

சரி டீச்சர், இதில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் என்ன வந்தது என்கிறீர்களா? அங்கேதான் வருகிறேன்.

அந்தக் காலத்தில் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேய வியாபாரிகள் பயந்து பார்த்த திசை நம் மேற்குத் திசை. கோல்கொண்டா காலத்தில் பூந்தமல்லியில் இருந்த லிங்கப்பா என்ற அதிகாரி, நினைத்தால் மதராசுக்குப் போகும் தானியத்தை நிறுத்திவிடுவார். அப்படி இருந்த கம்பெனிக்குச் செஞ்சிச் சண்டை ஒரு சந்தையாக அமைந்தது. ராஜாராமுக்குப் பணம் தேவை. 1690-ல் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. அதுதான் புனித டேவிட் கோட்டை. அப்போது மதராஸ் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். ஒப்பந்தத்தில் கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திர அளவு: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. கம்பெனிக்காரர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. நிலத்தை அளக்கச் சங்கிலி இல்லை, பீரங்கி! உழுதுகொண்டிருந்தவனை யாராவது கேட்டிருப்பார்களா?

மறுபக்கம் முகலாயருக்கும் கம்பெனியின் தயவு தேவைப்பட்டது. 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை கிராமங்கள் முகலாயத் தரப்பிலிருந்து கம்பெனிக்கு வந்தன. செஞ்சி விழுந்த பிறகு கர்நாடகத்து நவாபாக வந்த தாவூத் கான், 1702-ல் மதராசையே முற்றுகை போட்டார். பிறகு சமாதானமாகி, 1708-ல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி உள்ளிட்ட ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். இன்று நீங்கள் எழும்பூரில் ரயில் ஏறும் ஒவ்வொரு முறையும், செஞ்சிச் சண்டையின் ஒரு விளைவின் மேல்தான் நிற்கிறீர்கள். இரண்டு யானைகள் சண்டை போட்டன. ஓரமாக நின்ற வியாபாரி இரண்டு பேரிடமும் ரசீது வாங்கிக்கொண்டான். அடுத்த இரண்டரை நூற்றாண்டு அவன் கதைதான்.

தேசிங்கு ராஜா கதை உங்களுக்குத் தெரியும். 1960-ல் வந்த எம்.ஜி.ஆர் படம் பார்த்தவர்களும், தெருக்கூத்தில் நீலவேணிக் குதிரையைப் பார்த்தவர்களும் நம் உறவில் இருக்கிறார்கள். முகலாயர் காலத்தில் கோட்டைக்குப் பொறுப்பாக வைக்கப்பட்ட சொரூப் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரரின் மகன் தேஜ் சிங். அந்தப் பெயர்தான் நம் வாயில் தேசிங்கு. தந்தை 1714-ல் இறந்ததும், பாக்கிக் கப்பம் கட்டு என்றார் நவாப் சாதத்துல்லா கான். மறுத்த பையன், 1714 அக்டோபர் 3-ல் சிறு படையோடு சண்டைக்குப் போய் மடிந்தான். வயது 22 என்கிறார்கள். முழுதாக ஒரு வருடம்கூட ஆளவில்லை. கூடவே உயிர்விட்ட நண்பன் ஒரு முஸ்லிம். மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர் ராணிப்பேட்டை என்பார்கள். கொன்றவரே நினைவு வைத்தார். நூறு வருடம் ஆண்டவர்களை மறந்த ஜனம், பத்து மாதம் ஆண்ட வடநாட்டுப் பையனை இன்னமும் பாடுகிறது. யார் நம்மவர், யார் வெளியார் என்பதை ஊர் ஜனம் எப்படி முடிவு செய்கிறது என்று இதை வைத்து யோசியுங்கள்.

பிறகு 1750 செப்டம்பர் 11. ஏழு வருடம் முகலாயருக்குத் தண்ணி காட்டிய கோட்டையை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். வாசலை வெடி வைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்து, மூன்று மலையிலிருந்தும் வந்த குண்டுமழையில் நிலா மறையும் வரை தாக்குப்பிடித்து, இருட்டியதும் மூன்று மலையிலும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது. முந்தைய சண்டையில் தோற்று ஓடி வந்தவர்கள்தான் உள்ளே அதிகம் இருந்தார்கள். மனசு உடைந்த படைக்கு 60 அடி மதிலும் உதவாது. ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் செஞ்சி ராசியில்லை. காய்ச்சலில் அவர்கள் ஆட்கள் ஏராளமாகச் செத்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழ, ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்களோடு எல்லோரும் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அவை செஞ்சிக் கோயிலிலிருந்து கொண்டுபோனவை.

இனி ஏறும் வழி. நான் 64 வயதில், மூட்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு, ராஜகிரி உச்சி வரை ஏறினேன். பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்ததால்தான் சிலது கண்ணில் பட்டது.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், வளைவுக் கூரை போட்ட பெரிய களஞ்சியங்கள், ஆனைக்குளம், பழைய மசூதி, வேணுகோபாலசுவாமி கோயில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். அங்கிருந்து படி தொடங்கும். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஓடி ஏறுகிறவனின் கால் தாளம் தப்பும். பாதை நேராகப் போகாமல் திரும்பித் திரும்பிப் போகும்; ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே ஒரு மதில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே நிற்பவன் கையில் வெறும் கல் இருந்தால்கூடப் போதும். வாசலுக்குள் நுழைந்ததும் உடனே ஒரு முட்டுச்சுவர் வரும். பெரிய மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கதவை இடிக்க இடம் கிடையாது.

உச்சிக்கு முன்னால் சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழத்தில் ஒரு பிளவு. இயற்கையாக இருந்ததை இன்னும் வெட்டி அகலப்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் மரப்பாலம். ஆபத்து வந்தால் எடுத்துவிடலாம். இன்று கைப்பிடியோடு நிரந்தரப் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். இரும்புப் பாதை வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு நான் சொல்லும் பதில் அதுதான். உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு நீளமான பீரங்கி. இவ்வளவு கனத்தை இந்தப் படியில் தூக்கி வந்தவர்கள் யார்? எந்த அரசன் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. ஏழு வருட முற்றுகையில் கீழே எத்தனை கிராமத்துக் களத்து நெல் படைகளின் வயிற்றுக்குள் போயிருக்கும்? அதற்கும் கணக்கு இல்லை. கோனாரா மராத்தியரா என்று சண்டை போடும் உறவுகள், இந்தக் கூலிக்காரர்களையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் முன்னோர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பார்கள்.

மனசு வலித்த ஒரு விஷயம். கல்யாண மகால் சுவரிலும், களஞ்சியத்துக்குள்ளும், உச்சி வரைக்கும் சாவியாலும் ஆணியாலும் கீறிய பெயர்கள், அம்புவிட்ட இதயங்கள். பாறை இடுக்கில் பாட்டில்கள். ஔரங்கசீப்பின் பீரங்கி செய்யாத வேலையை நம் பிள்ளைகள் செய்துகொண்டிருக்கிறார்கள். டோலமைட்டில் சிப்பாய் விட்டுப் போன துருப்பிடித்த தகரத்தைக்கூடப் பத்திரமாக வைத்துக் காட்டுகிறார்கள். என்னிடம் படித்த யாருடைய பிள்ளையும் அந்தச் சுவரில் பெயர் எழுதியதாக எனக்குத் தெரியவரக் கூடாது. அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ் பிடித்துச் செஞ்சியில் இறங்கி, ஆட்டோவில் கோட்டைக்குப் போகலாம். விடிகாலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் பாறை அடுப்பு மாதிரி காயும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நல்ல ஷூ, செருப்பு வேண்டாம். தின்பண்டம் கையில் தெரிந்தால் குரங்குகள் விடாது. ஒரே நாளில் ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டும் ஏறுவது இளவட்டங்களுக்கு மட்டும். சந்திராயன்துர்க்கத்தில் முள்ளும் புதரும். தனியாகப் போக வேண்டாம்.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். உச்சியில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கோட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நீ எதிரியாக இருந்தால் எந்தப் பக்கமாக ஏறுவாய்? இங்கே ஏழு வருடம் சண்டை நடந்தபோது, தூரத்தில் தெரியும் அந்த ஊரில் உன் வயதுப் பிள்ளை என்ன சாப்பிட்டிருக்கும்?

பதிலைக் கமெண்டில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் சிவப்புப் பேனாவோடு வருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்